வாசகர் கேள்வி: எருமை வேட்டைக்கு என் .375 போதுமா?

தென்னாப்பிரிக்காவில் சுரங்கப் பொறியாளராக இருக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 46, அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். எட்டு வருடமாக .308 ரைஃபிளோடு (இந்த எண்கள் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை) குடு, வில்டபீஸ்ட் என்ற மான் இன விலங்குகளின் வேட்டைக்குப் போய்வருகிறார். போன வருடம் பழைய .375 எச் அண்டு எச் ஒன்றை முறையாக உரிமம் எடுத்து வாங்கினார். குழல் நீளம் 22 அங்குலம். வரும் வறண்ட பருவத்தில் நமீபியாவின் ஜாம்பேசி வட்டாரத்தில், சமூகக் காப்பகம் ஒன்றின் ஒதுக்கீட்டில், ஒரு கேப் எருமைக்கு முன்பணம் கட்டிவிட்டார்.

அவரிடம் இப்போது இருப்பது ரைஃபிளோடு வந்த, 235 கிரெய்ன் (15.2 கிராம்) குண்டு கொண்ட, பட்டதும் மலர்கிற மென்முனைத் தோட்டா மூன்று பெட்டி. ஓய்வுபெற்ற மேலதிகாரி ஒருவர் அன்போடு கொடுத்த பழங்காலத்து சாலிட் தோட்டா, அதாவது மலராத குண்டு வைத்தது, 20. அவற்றோடு நண்பர்களின் ஆலோசனைகள் ஏராளம். ஒருவர், “.375 என்பது குறைந்தபட்சம்தான், விற்றுவிட்டு .458 வாங்கு” என்கிறார். இன்னொருவர், “நானே வெடிமருந்தைக் கூட்டிப் போட்டுத் தோட்டா கட்டித் தருகிறேன்” என்கிறார். மூன்றாமவரோ, “ஒரு காலத்தில் யானையையே 7 மில்லிமீட்டரில் சாய்த்தார்கள், நீ ஏன் கவலைப்படுகிறாய்?” என்கிறார். எருமை, சிங்கம், யானை எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் ஒரே தோட்டா உண்டா என்றும் வாசகர் கேட்கிறார். கடைசிப் பத்தியில், “.375 சுடும்போது கண்ணை மூடிவிடுகிறேனோ என்று சந்தேகம். பயமாகவும் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை” என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிப் பத்தியை முதலில் எழுதியிருக்கலாம் நீங்கள். அதற்கு வருகிறேன். முதலில் பணம் மிச்சமாகும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: ரைஃபிளை விற்க வேண்டாம், .458 வாங்க வேண்டாம். மாற்ற வேண்டியது குண்டைத்தான்.

தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு என முழுப் பொருள். எருமையின் உடம்புக்குள் போவது அதன் நுனியில் இருக்கும் குண்டு மட்டும். உங்கள் நண்பர்கள் மூவருமே தோட்டாவின் பெயரைப் பற்றித்தான் சண்டை போட்டிருக்கிறார்கள். குண்டு எப்படிக் கட்டப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

.375 குறைந்தபட்சம்தானே?

ஆமாம், பல இடங்களில் அதுதான் எல்லைக்கோடு. ஆனால் “குறைந்தபட்சம்” என்றதும் “ஒப்பேற்றுவது” என்று பொருள் எடுத்துக்கொண்டீர்கள். 1912-இல் லண்டனின் ஹாலந்து அண்டு ஹாலந்து கம்பெனி கொண்டுவந்த தோட்டா இது. 300 கிரெய்ன், அதாவது சுமார் 19.4 கிராம் குண்டை வினாடிக்கு 770 மீட்டர் வேகத்தில் தள்ளும். நூறு வருடத்துக்கு மேலாக ஆப்பிரிக்காவில் எருமை வேட்டைக்கு வருகிறவர்கள் கையில் அதிகம் பார்க்கிற தோட்டாக்களில் ஒன்று. பிழைப்புக்காக வழிகாட்டுகிறவர்கள் .416, .458, .470 என்று பெரிதாக வைத்திருப்பார்கள். அதற்குக் காரணம் அவர்கள் வேலை வேறு. நீங்கள் நிதானமாக, நிற்கிற விலங்கைச் சுடுவீர்கள். அது அடிபட்டுப் புதருக்குள் புகுந்து திரும்பி வந்தால் பத்து மீட்டரில் நிறுத்த வேண்டியது வழிகாட்டியின் பொறுப்பு.

.458 பற்றி உங்கள் நண்பர் சொன்ன கதையில் பாதிதான் இருக்கிறது. .458 வின்செஸ்டர் மேக்னம் 1956-இல் வந்தது. 500 கிரெய்ன் குண்டு, அறிவித்த வேகம் வினாடிக்கு 650 மீட்டர். நீளம் குறைந்த கூட்டுக்குள் வெடிமருந்தை அழுத்தித் திணித்திருந்தார்கள். நாள்பட அது கட்டிதட்டி, சரியாக எரியாமல், ஆரம்ப காலத் தோட்டாக்கள் பல அறிவித்த வேகத்தை எட்டவில்லை. 1959-இல் மொசாம்பிக்கில் ஜாக் லாட் என்ற வேட்டைக்காரரை ஓர் எருமை முட்டித் தூக்கிக் காயப்படுத்தியது. அவர் கையில் இருந்தது .458. அந்த அதிருப்தியில் பிறந்ததுதான் 1971-இன் .458 லாட். பிற்பாடு வின்செஸ்டர் தோட்டாவின் குறையும் சரியாகிவிட்டது, இன்றைக்கு அது நல்ல தோட்டாதான். நான் சொல்ல வருவது, காலிபர், அதாவது குண்டின் விட்டம், பெரிதாக இருந்தும் காலை வாரிய தோட்டாக்கள் உண்டு என்பதை.

இன்னொன்றும் சொல்ல ஆசை. காலிபர் எண்களுக்குப் பின்னால் எப்போதும் விலங்குதான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 1898-இல் வந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் யானைக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் .450 அளவுக் குண்டு கலகக்காரர்களின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்குப் போய்ச் சேரும் என்று பயந்து, 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் அந்தக் காலிபரைத் தடை செய்தது. உடனே துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று போட்டிபோட்டு இறக்கின. யானையின் மண்டை ஓடு அதற்குள் ஒன்றும் கெட்டியாகிவிடவில்லை.

உதையையும், அதாவது சுட்டதும் ரைஃபிள் தோளில் இடிப்பதையும், கணக்கில் எடுங்கள். ஒரே எடையுள்ள ரைஃபிளில் .375 உதைப்பது, மான் வேட்டையில் பரவலாகப் புழங்கும் .30-06 உதைப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. .458 கிட்டத்தட்ட மூன்று மடங்கு. .375-க்கே கண்ணை மூடுகிறேனோ என்கிறவருக்கு .458 மருந்தாகாது.

அந்த 7 மில்லிமீட்டர் கதை நிஜம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி 7x57 (காலிபரும் கூட்டின் நீளமும் மில்லிமீட்டரில்) தோட்டாவில், 173 கிரெய்ன் சாலிட் குண்டில். ஆனால் அவர் யானை மண்டை ஓட்டை ரம்பத்தால் அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்திலிருந்து மூளை எங்கே இருக்கும் என்று மனப்பாடம் செய்தவர். வருடக்கணக்கில் அதையே தொழிலாகச் செய்தவர். எருமைக்கு முன்னால் முதல் முறையாக நிற்கப்போகிற உங்களுக்கு அவர் எந்த வகையிலும் முன்மாதிரி இல்லை. சட்டமும் இன்று விடாது.

சட்டம் கேட்கிற எண், எருமை கேட்கிற குண்டு

நமீபியாவின் விதி குண்டின் ஆற்றலைப் பார்க்கிறது. எருமைக்கு, குழல் வாயில் குண்டின் ஆற்றல் குறைந்தது 5,400 ஜூல் இருக்க வேண்டும். ஜிம்பாப்வே வேறு மாதிரி: 9.2 மில்லிமீட்டர் விட்டம், கூடவே 5,300 ஜூல். விட்டம் தேறினாலும் ஆற்றல் தேறாமல் போவதற்கு 9.3x62 நல்ல உதாரணம். 1905-இலிருந்து ஆப்பிரிக்காவில் புழங்கும் அருமையான தோட்டா, எத்தனையோ எருமையைச் சாய்த்தது. ஆனால் அதன் வழக்கமான 286 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 720 மீட்டரில் தருவது சுமார் 4,800 ஜூல். நமீபியாவில் எருமைக்கு அது கூடாது.

உங்கள் ரைஃபிளுக்கு நீங்களே கணக்குப் போடலாம். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, குண்டின் கிராம் எடையாலும் பெருக்கி, 2,000-ஆல் வகுத்தால் ஜூல் வந்துவிடும். 19.4 கிராம் குண்டு 770 மீட்டரில் என்றால் 5,750 ஜூல். தாராளம். ஆனால் பெட்டியில் அச்சடித்த வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்களுடையது 22. சுமார் 15 மீட்டர் வேகம் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 770 என்று போட்ட பெட்டி 755 ஆகி, 5,500-ஐ ஒட்டி நின்று தப்பிக்கும். 747 என்று போட்ட மிதமான பெட்டியோ 732-க்கு இறங்கி, 5,200 ஜூலில் விதிக்குக் கீழே போய்விடும். சுடுதளத்தில் குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் இருக்கும். ஐந்து தோட்டா சுட்டு, உங்கள் குழலின் வேகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த எண்ணை நம்பி எல்லை தாண்டாதீர்கள்.

இப்போது உங்கள் 235 கிரெய்ன் பெட்டிக்கு வருவோம். 15.2 கிராம் குண்டு, வினாடிக்கு 860 மீட்டர் போனால் 5,600 ஜூல். சட்டப்படி தேறிவிடும்! இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் குண்டு மான் இனத்துக்காகக் கட்டியது. மெல்லிய செம்பு ஜாக்கெட், உள்ளே வெறும் ஈயம். வேகமாகப் போய் முட்டியதும் மலர்ந்து, சதைக்குள் சீக்கிரம் நின்றுவிட வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பு. 700 கிலோ எருமையின் தோள் எலும்பில் அது செய்யப்போவது வேறு.

தோல் உரிக்கும் கொட்டகையில் ஒரு முறை பார்த்ததைச் சொல்கிறேன். அந்த எருமையை நான்கு மணி நேரம் தடம் பிடித்துப்போய், வழிகாட்டியின் .416-ஆல் முடித்திருந்தார்கள். முதல் குண்டு எங்கே போயிற்று என்று தோள்பட்டையைத் திறந்து தேடினோம். தோலிலிருந்து நான்கு விரல் ஆழத்தில் சோடா மூடி போலக் கசங்கிய செம்பு ஜாக்கெட் கிடைத்தது. ஈயம் தனியே, கடுகு கடுகாகச் சிதறி, கருஞ்சிவப்புக் கூழாய்ப் போன சதைக்குள் நெருடியது. விலா எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. நுரையீரல் முழுசாக இருந்தது. சுட்டவர் குறி தப்பவில்லை. சரியான இடத்தில்தான் பட்டிருந்தது.

அதே பருவத்தில் இன்னொரு எருமையிடமிருந்து எடுத்த 300 கிரெய்ன் குண்டை இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன். தோள் எலும்பை உடைத்து, இரு நுரையீரலையும் கடந்து, எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் உருண்டையாகப் புடைத்து நின்றது. முன்பகுதி நாய்க்குடை மாதிரி மலர்ந்து, பின்பகுதி தண்டாக நிற்கிறது. எடை போட்டால் 18 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஜாக்கெட்டும் ஈயமும் விட்டுப் பிரியாதபடி ஒட்டிக் கட்டிய குண்டு அது.

அப்படியானால் எந்தக் குண்டு?

உங்கள் முதல் குண்டுக்கு மூன்று வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஜாக்கெட்டோடு ஈயத்தை ஒட்டவைத்தது ஒன்று. உட்லீ வெல்ட்கோர், ஹார்னடி டிஜிஎக்ஸ் பாண்டட் இந்த வகை. நடுவில் செம்புத் தடுப்பு வைத்தது இரண்டாவது. முன்பாதி மலர்ந்தாலும் பின்பாதி அப்படியே உந்திக்கொண்டு போகும். நாஸ்லர் பார்ட்டிஷன் இந்த யோசனையில் பேர்பெற்றது. ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் தடுப்பும் வைத்து, முன்பாதியை ஒட்டவும் செய்கிறது. மூன்றாவது, ஈயமே இல்லாமல் முழுக்கச் செம்பில் கடைந்து நுனியில் குழி வைத்தது. பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் அப்படிப்பட்டது. இந்த மூன்றுக்குள் எது சிறந்தது என்று வேட்டைக்காரர்கள் விடிய விடியப் பேசுவார்கள். எருமைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் ரைஃபிளுக்கு எது நேராகப் போகிறதோ, ஊரில் எது தொடர்ந்து கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

எடை 300 கிரெய்ன். குண்டின் எடைக்கும் அதன் குறுக்கு அளவுக்கும் உள்ள விகிதத்தை வைத்து ஊடுருவலை ஒப்பிடும் வழக்கம் உண்டு. ஒரே மாதிரி கட்டிய குண்டுகளுக்குள் அது நல்ல வழிகாட்டி. .375-இல் 300 கிரெய்னுக்கு அந்த எண் 0.305, 235-க்கு 0.239. கனமான விலங்குக்கு 0.300-க்குக் குறையக்கூடாது என்பது பழைய கைக்கணக்கு. முழுச் செம்புக் குண்டு பெரும்பாலும் எடையை இழப்பதில்லை என்பதால் 270 கிரெய்னிலும் சமாளிக்கும். ஆனாலும் முதல் எருமைக்கு 300-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாலிட். இது மலரவே மலராது. பித்தளையில் கடைந்தது, அல்லது எஃகு ஜாக்கெட் போட்டது. முன்பு மூக்கு உருண்டையாக இருக்கும். இப்போது தட்டை மூக்கு வந்துவிட்டது, சதைக்குள் திசை மாறாமல் நேராகப் போவதில் அது மேல். யானைக்கு வேறு எதுவும் ஆகாது, முதலிலிருந்து கடைசிவரை சாலிட்தான். எருமைக்கு முதல் குண்டாக அதை நான் சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் நிற்கிற எருமையைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்கிற இன்னொன்றின் வயிற்றில் இறங்கும். மந்தையில் சுடும்போது இது அடிக்கடி நேர்கிற விபத்து. காயம்பட்டது தப்பிப் போனாலும் உங்கள் கணக்கில்தான் ஏறும் என்பது வேட்டை ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. இரண்டு எருமைக்குப் பணம் கட்ட நேரும். அதைவிட, காயம்பட்ட இரண்டு எருமை புதருக்குள் நிற்கும்.

ஆனால் முதல் குண்டு வாங்கியதும் எருமை திரும்பி ஓடத் தொடங்கும். அப்போது உங்களுக்குத் தெரிவது பின்புறம் மட்டும். அங்கிருந்து நெஞ்சுக்குப் போக வேண்டுமானால் நனைந்த புல் திணித்த மூட்டை மாதிரி இருக்கும் பெரிய இரைப்பையைக் கடக்க வேண்டும். மலரும் குண்டுகள் பல அதற்குள்ளேயே நின்றுபோகும். சாலிட் கடக்கும். அதனால்தான் ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கும் மேகஸினில் அடியில் சாலிட், மேலே மென்முனை என்று அடுக்குகிறார்கள். இரண்டையும் கலக்காமல் முழுச் செம்புக் குண்டையே எல்லாவற்றுக்கும் வைக்கச் சொல்லும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். உங்கள் வழிகாட்டி எந்தக் கட்சி என்று கேளுங்கள். நமீபியாவில் ஆபத்தான விலங்குக்கு அழைத்துப்போக, பெருவிலங்கு வேட்டைக்கென்றே தகுதி பெற்ற தொழில்முறை வழிகாட்டிக்கு மட்டும்தான் அனுமதி. அவர் சொல் என் சொல்லுக்கு மேல்.

கலந்து அடுக்குவதாக இருந்தால் ஒரு சோதனை கட்டாயம். 50 மீட்டரில் இரண்டு வகையையும் ஒரே தாளில் சுட்டுப் பாருங்கள். சில ரைஃபிள்களில் இரண்டும் ஒரே இடத்தில் விழும், சிலவற்றில் ஒரு கை அகலம் விலகும். தட்டை மூக்குத் தோட்டா சில ரைஃபிள்களில் குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் ஏறாமல் முட்டி நிற்கும். மேகஸினை நிரப்பி, தோட்டாவை அறைக்குள் தள்ளும் போல்ட்டை முழு வேகத்தில் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். மெதுவாகத் தள்ளினால் குறை தெரியாது. இதைச் சுடுதளத்தில் மட்டும், குழலைத் தடுப்பு மேட்டை நோக்கி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஒரே தோட்டாவில் சிங்கமும் முடியுமா என்று கேட்டீர்கள். சிங்கத்துக்குச் சாலிட் ஆகவே ஆகாது. பூனை இனம், உடம்பு எருமையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குச் சீக்கிரம் மலர்கிற குண்டு வேண்டும். யானைக்கு நேர் எதிர். ஆகவே, இல்லை. அதற்கெல்லாம் முன்பணம் கட்டும்போது எழுதுங்கள், பேசலாம்.

அன்பளிப்பும் கைக்கட்டும்

பழைய சாலிட் 20-ஐ மேலதிகாரியின் நினைவாகக்கூட வேட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம். எந்த வெயிலில், எந்தக் கிடங்கில் கிடந்தது என்று தெரியாது. கூட்டின் கழுத்தில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம், பிரைமர் தாமதமாகப் பிடிக்கலாம். விசையை அழுத்தியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. எருமை உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த அமைதி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

வெடிமருந்தைக் கூட்டிப் போடும் நண்பருக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வெடிமருந்து சூடாக இருந்தால் அழுத்தம் கூடும். குளிர்காலக் காலையில் சுடுதளத்தில் ஒழுங்காக நடந்துகொண்ட தோட்டா, வண்டியின் முன்பலகையில் வெயிலில் கிடந்த பிறகு கூட்டை அறையோடு இறுக்கிவிடும். போல்ட் திறக்காது. .375-இன் கூடு நீளமாக, சரிவாக இருப்பதே வெப்ப நாட்டில் சுலபமாக வெளியே வரட்டும் என்றுதான். அந்த நன்மையை 20 மீட்டர் வேகத்துக்காக விற்காதீர்கள். கைக்கட்டில், அதாவது கையால் கட்டிய தோட்டாவில், இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு உதையிலும் மேகஸினில் இருக்கும் தோட்டாக்கள் முன்சுவரில் மோதும். கூட்டின் வாயை இறுக்கமாக மடித்திராவிட்டால் குண்டு உள்ளே இறங்கிவிடும். கம்பெனித் தோட்டாவிலும் இதைக் கவனியுங்கள். மேகஸின் அடியிலேயே கிடக்கும் தோட்டாக்களைத் தினமும் மாலை வெளியே எடுத்து, புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி நீளம் பாருங்கள்.

சட்டத்தில் ஒரு எச்சரிக்கை. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உங்களுக்கு உரிமம் உள்ள துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டாவை மட்டும்தான் வைத்திருக்கலாம். “.458 பிறகு வாங்கிக்கொள், தோட்டாவை இப்போதே எடுத்துப் போ” என்று நண்பர் நீட்டினால் கை நீட்டாதீர்கள், அது குற்றம். சாதாரண உரிமத்துக்கு ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரம்பும் உண்டு. பயிற்சிக்கு மொத்தமாக வாங்கிக் குவிக்காமல் தவணையாக வாங்குங்கள். விமானத்தில் போவதானால், ஒருவருக்கு 5 கிலோவரை, சரக்குப் பெட்டியில், துப்பாக்கியிலிருந்து பிரித்துப் பூட்டி அனுப்புவதுதான் வழக்கம். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடுவது, பயப்படுவது

என்னிடம் பயிற்சிக்கு வருகிற யாருக்கும் செய்கிற சோதனை இது. அவர் பார்க்காதபோது மேகஸினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மித் தோட்டா ஒன்றைச் செருகிவிடுவேன். ஒரு முறை மல்யுத்த உடம்போடு ஒருவர் வந்தார். “உதை எனக்கு ஒன்றுமே இல்லை” என்றார். இரண்டு சுட்டார். மூன்றாவது டம்மி. விசை ‘டிக்’ என்றது. வெடிக்காத ரைஃபிளின் முனை ஒரு சாண் கீழே குத்தி இறங்கியது, தோள் முன்னே பாய்ந்தது. அவரே அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த இறக்கத்தோடு 60 மீட்டரில் சுட்டால் குண்டு எருமையின் நெஞ்சுக்குப் போகாது, அதற்கு வெகு முன்னாலேயே மண்ணில் புதையும்.

உங்களுக்கும் இதுவே நடக்கிறது என்று நினைக்கிறேன். தீர்வு சலிப்பானது. சுடுமேசையில் உட்கார்ந்து .375 சுடுவதை நிறுத்துங்கள். மேசையில் உடம்பு பின்னால் நகர முடியாது, முழு உதையும் தோளில் இறங்கும். குறி சரிபார்க்க மட்டும் மேசை. மற்றபடி முக்காலிக் கோலில் ரைஃபிளைச் சாய்த்து, நின்றபடி சுடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டா போதும், பதினைந்தாவதில் கெட்ட பழக்கம்தான் வளரும். காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு போடுங்கள். பாதிப் பேர் பயப்படுவது சத்தத்துக்குத்தான். வீட்டில் தினமும், உண்மைத் தோட்டா எதுவும் ரைஃபிளிலும் இல்லை, நீங்கள் இருக்கும் அறையிலும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, டம்மியோடு இருபது முறை விசையை அழுத்திப் பழகுங்கள். நடுநடுவே உங்கள் .308-ஐயும் அதே கோலில் சுடுங்கள். 50 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் முதல் குண்டும், போல்ட் இழுத்து மூன்று வினாடிக்குள் இரண்டாவது குண்டும் விழுகிற நாளில் நீங்கள் தயார்.

எங்கே சுடுவது என்பதில் உங்கள் மான் வேட்டைப் பழக்கம் இடைஞ்சல் செய்யும். தோளுக்குப் பின்னால் சுட்டுப் பழகியிருப்பீர்கள். எருமைக்கு இதயம் தாழ்வாக, முன்கால்களுக்கு நடுவே இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் நடுவே மேலே ஏறி, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். கழுத்தில், தலையில் சுடும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். முதல் குண்டு பட்டதும் பார்த்துக்கொண்டு நிற்காமல் போல்ட்டை இழுத்து, தெரிகிறவரை சுடுங்கள். விழுந்த பிறகும் ஒன்று. தோட்டாவைச் சிக்கனம் பிடிக்கிற இடம் இது இல்லை.

பயத்தை வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவருக்கு அது தேவையான தகவல். தெரிந்தால் உங்களை 90 மீட்டரில் சுடவைக்காமல் 40-க்குக் கூட்டிப்போவார், மந்தையிலிருந்து ஒதுங்கித் திரியும் கிழட்டு எருமையைத் தேடுவார், உங்கள் குண்டு போனதும் தானும் உடனே சுடலாமா என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார். இதைச் சொல்லாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், விசையை அழுத்தும் நொடியில் அவர் காதருகே என்ன சொன்னார் என்றே அவர்களுக்குக் கேட்டிருக்காது.

இன்றே அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். ரைஃபிள் .375, குழல் 22 அங்குலம், 300 கிரெய்ன் குண்டு என்று எழுதி, சாலிட் கலக்கலாமா, எத்தனை தோட்டா கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். பதில் வந்தபின் பெட்டி வாங்குங்கள். வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த 235 கிரெய்ன் மூன்று பெட்டியையும் தூக்கிப்போட வேண்டாம், அடுத்த குடுவுக்கு ஆகும்.